பிடித்தம் போன சம்பளம், காத்திருக்கும் தவணை

தாராவியின் தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும், மாட்டுங்காவின் உணவகச் சமையலறைகளிலும், செம்பூர் பக்கத்து வொர்க்‌ஷாப்புகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு மாதத்தின் முதல் பத்து நாள் ஒரே மாதிரிதான். சம்பளம் வரும், வாடகை போகும், லோன் தவணை போகும். இந்தக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தால் மாதமே ஆட்டம் காண்கிறது. தவணை நின்றதற்கு அபராதம், அதைக் கட்ட வட்டிக்காரர், வட்டிக்காரருக்குக் கொடுக்க அடுத்த மாத அட்வான்ஸ் என்று ஒரு பிடித்தம் மூன்று கடனாகிவிடும்.

இந்தச் சுழலில் பலரையும் தள்ளுவது பணமின்மை மட்டுமல்ல. சம்பளத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் வாய்வழியாகப் பரவிய சில தவறான நம்பிக்கைகளும்தான்.

நம்பிக்கை: சம்பளம் கொடுப்பவர் முதலாளி, எவ்வளவு பிடிப்பது என்பதும் அவர் இஷ்டம்.

உண்மை: இந்த எண்ணம் சட்டப்படி செத்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்றைய பம்பாய்ப் பஞ்சாலைகளில், நெசவில் பழுது விழுந்த துணியைத் தறிக்காரர் தலையிலேயே கட்டி, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இத்தகைய பிடித்தங்களை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931ல் அறிக்கை தந்தது. 1936ல் ஊதியம் வழங்கல் சட்டம் வந்தது. 2019ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு மட்டுமே பொருந்தியது. புதியதில் அந்த வரம்பு இல்லை.

எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இல்லாத காரணத்துக்குப் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பளம் கணக்கில் விழுந்த பிறகு வங்கி எடுக்கும் இஎம்ஐ இந்தப் பாதிக் கணக்கில் சேராது.

நம்பிக்கை: லேட்டாக வந்தாலோ சாமான் உடைந்தாலோ போடுகிற அபராதத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

உண்மை: ஒரு மாதத்தில் போடும் அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தை மீறக் கூடாது. 16,000 ரூபாய் வாங்குபவருக்கு அதிகபட்சம் 480 ரூபாய். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். தவணை தவணையாகப் பிடிக்கக் கூடாது. 90 நாள் கடந்தபின் பிடிக்கவே கூடாது. பொருள் சேதம் என்றால் உண்மையான நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது, அதுவும் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருந்தால்தான். ஒருநாள் வராதவருக்கு ஒருநாள் கூலிதான் போகும். ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளத்தைக் கழிக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நம்பிக்கை: சொல்லாமல் பிடித்தால் அது ஏமாற்றுதான்.

உண்மை: எப்போதும் அப்படியல்ல. மகாராஷ்டிரத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆண்களுக்குத் தொழில் வரி 200 ரூபாய். பிப்ரவரியில் மட்டும் 300. பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை இந்த வரி கிடையாது. பிஎஃப் 12 சதவீதம். 15,000 ரூபாய் வரம்பில் கணக்கிட்டால் 1,800 ரூபாய். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம். ஜூனிலும் டிசம்பரிலும் தொழிலாளர் நல நிதிக்கு ஒரு சிறு தொகை போகும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கும்போது சம்பளத்தில் பிடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் சட்டப்படியானதே.

பிஎஃபிலும் இஎஸ்ஐயிலும் முதலாளி கட்ட வேண்டிய பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் எடுப்பதுதான் குற்றம். சம்பளச் சீட்டு இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தச் சீட்டைத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது புதிய சட்டம்.

நம்பிக்கை: வேலை வாங்கிக் கொடுத்த முகாதமுக்குத் தினமும் கமிஷன் போவது வழக்கம், அதைக் கேட்க முடியாது.

உண்மை: 1982ல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் இதே வழக்கம்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆளுக்கு நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி ஜமாதார்கள் கையில் தரப்பட்டது. அவர்கள் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்பளித்தது. அந்த ஒரு ரூபாய்க்குக் கிடைத்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அட்வான்ஸைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதும் செல்லாது. கடனுக்காக வேலையில் பிணைப்பது கொத்தடிமை முறை; 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையையும் ஒழித்தது, அப்படிப்பட்ட கடனையும் ரத்து செய்தது. வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தரப்பட வேண்டும்.

நம்பிக்கை: தவணை தவறினால் ஜெயில், இல்லையென்றால் லோன் கம்பெனி சம்பளத்தையே பிடித்துக்கொள்ளும்.

உண்மை: கையில் இல்லாததால் கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது வாழ்வுரிமைக்கு எதிரானது என்று 1980ல், கொச்சின் வங்கி தொடர்பான வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். கடன் வழக்கில் தோற்றாலும் கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை.

ஆனால் காசோலையோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணையோ பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் வரும். அதன்பின் பணம் கட்ட 15 நாள் உண்டு. அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவதுதான் ஆபத்து.

நம்பிக்கை: இந்த மாதத்துக்கு மட்டும் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டால் போதும்.

உண்மை: தவணை நாளுக்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி, பிடித்தம் போன சம்பளச் சீட்டையும் இணைத்து, தேதியைத் தள்ளவோ தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டவோ கேட்பதே முதல் வேலை. நிறுவனம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் முன்பே எழுதியது பின்னால் சாட்சியாக நிற்கும். 2024 ஏப்ரல் முதல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கான மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குக் கடன் தரக் கூடாது. அந்தக் கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வரவும் கூடாது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

தெருவில் நாள் வட்டிக்குக் கொடுப்பவரிடம் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் நடத்துவது மகாராஷ்டிரத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நம்பிக்கை: புகார் கொடுத்தால் வேலை போகும், பணமும் வராது.

உண்மை: தவறான பிடித்தத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை மனுச் செய்யலாம். தொழிலாளியே போக வேண்டும் என்பதுகூட இல்லை. சங்கமும் அவருக்காக மனுக் கொடுக்கலாம். பிடித்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பிடித்த தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

தொழிலாளர் ஆணையர் அலுவலகமான காம்கார் பவன், தாராவிக்குப் பக்கத்திலேயே, பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு விவரம், வேலைக்கு வந்த நாட்களைக் குறித்த நோட்டு, பிடித்தத்தைப் பற்றி மேலாளருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சின் நகல். சீட்டே தராத பட்டறையாக இருந்தால், கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம்.