மருத்துவமனை வாயிலில் ஐந்தாமவர்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் நோய் எட்டிப் பாராத வீடு உலகில் இல்லை. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பனவே அந்நான்கு. இவற்றுள் தரகருக்கு இடமில்லை. ஆனால் இன்று பெரிய மருத்துவமனைகளின் வாயிலில், அழையாமலே வந்து, "என்னம்மா, யாருக்கு உடம்பு முடியலை? நான் பார்த்துக்கிறேன், வாங்க" என்று பரிவோடு பேசும் ஐந்தாமவர் ஒருவர் நிற்பதுண்டு. அவர் எந்தெந்த வேடத்தில் வருகிறார், அவரிடமிருந்து நம் குடும்பத்தைக் காப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இது நமக்கு ஏன் வேண்டும்?

படப்பையில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அதுவே போதும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, சாலை விபத்து என்று வந்துவிட்டால் குரோம்பேட்டைக்கோ, செங்கல்பட்டுக்கோ, 1664-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கோ செல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். நம் பெற்றோருள் பலர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்பது பழக்கமில்லாத ஊர் போன்றது. எந்தக் கட்டடத்தில் சீட்டு, எந்த மாடியில் ஸ்கேன் என்பது தெரியாது. நோயாளியோ வலியால் துடிக்கிறார். அச்சமும் அவசரமும் இடம் தெரியாமையும் ஒன்றுசேரும் அந்த நாழிகையே ஐந்தாமவரின் முதலீடு. கற்றறிந்தவர்களும் அந்நேரத்தில் ஏமாறுகிறார்கள். ஆதலால் ஏமாந்தவரைப் பேதை என்று ஏசுவது தகாது.

மேலும், பல வீடுகளில் படிவத்தை வாசிப்பவளும், கைபேசியில் பணம் அனுப்புபவளும் பள்ளியில் பயிலும் மகளே. எனவே இப்பாடம் முதலில் நமக்கே உரியது.

நோயாளியின் பெயரால்

இலவசமாகக் கிடைப்பதை விற்பதே ஐந்தாமவரின் முதல் தொழில். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கும் சக்கர நாற்காலிக்கும் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சும் இலவசமே. இவற்றுக்கு ஒருவர் பணம் கேட்டால், அது கட்டணம் அன்று, கையூட்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குச் சென்று பதிந்துகொள்ளலாம். "இரண்டாயிரம் கொடுங்கள், இன்றைக்கே கார்டு போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் அட்டை இராது. இருந்தாலும் அது மருத்துவமனையில் செல்லாது. தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கு ஈ.எஸ்.ஐ. உரிமையும் உண்டு. 2017-இல் இதற்கான மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கப்படுகிறது. நிறுவனம் மூன்றேகால் ரூபாய் செலுத்துகிறது. தாய் தந்தையரும் பிள்ளைகளும் அதில் அடங்குவர். தன் ஊதியச் சீட்டில் இப்பிடித்தம் இருப்பதை அறியாமலே வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் உண்டு.

இரத்தத்தின் பெயராலும் வணிகம் நடக்கிறது. 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பணத்துக்காக இரத்தம் கொடுக்கும் தொழில் 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டது. இரத்தம் விற்பனைப் பொருள் அன்று என்றும், அதைப் பரிசோதித்துப் பதப்படுத்தும் செலவை மட்டுமே வாங்கலாம் என்றும் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நினைவூட்டியிருக்கிறது. வாயிலில் நின்று "ஆள் ரெடி, யூனிட்டுக்கு இவ்வளவு" என்பவர் சட்டத்தை மீறுகிறார். அவர் கூட்டிவரும் ஆள் தம் நோயை மறைத்தும் கொடுக்கக்கூடும்.

மருத்துவரின் பெயரால்

மருத்துவராகத் தொழில் செய்பவர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவு எண் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். அஃது இல்லாமல் ஊசி போடுபவர் எத்துணை கைராசிக்காரர் என்று பெயர் பெற்றிருந்தாலும் அவரிடம் செல்வது ஆபத்து.

இப்போது போலி மருத்துவமனைகள் கைபேசிக்குள்ளும் வந்துவிட்டன. புகழ்பெற்ற மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடுகிறோம். முதலில் தென்படும் எண் மோசடிக்காரர் பதித்ததாக இருக்கலாம். மறுமுனையில் இனிமையாகப் பேசி, "டாக்டரைப் பார்க்கப் பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவு செய்யுங்கள்" என்று ஓர் இணைப்பை அனுப்புவார்கள். பத்து ரூபாய்க்காகத் திறந்த வாசல் வழியே வங்கிக் கணக்கே காலியாகும். ஒருமுறைக் கடவுச்சொல்லை எந்த மருத்துவமனையும் தொலைபேசியில் கேட்பதில்லை. "உங்கள் அப்பா விபத்தில் சிக்கிவிட்டார், உடனே பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்பு வந்தால், முதலில் அப்பாவின் எண்ணுக்கும், பின்பு அவர் வேலை செய்யும் இடத்துக்கும் பேசிவிட்டே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகும்.

மருந்தின் பெயரால்

2010 மார்ச்சில், காலாவதியான மருந்துகளின் தேதியை அழித்து, புதுத் தேதி அச்சிட்டு மீண்டும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் ஒன்று சென்னையில் பிடிபட்டது. மருத்துவர் சரியானவராக இருந்தும், நோயறிதல் சரியாக இருந்தும், மருந்து உயிரற்றுப் போனால் பயன் என்ன? மருந்து வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியவை மூன்று: தொகுதி எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை. இம்மூன்றும் ரசீதில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அட்டையிலிருந்து மாத்திரைகளை வெட்டித் தந்தால் தேதியுள்ள பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். அரசு மருத்துவமனை மருந்துகளில் விற்பனைக்கு அன்று என்ற குறிப்பு இருக்கும். அதையே வெளியே எவரேனும் விற்றால் அது களவுப் பொருள். வீட்டில் மிஞ்சிய பழைய மருந்தை அப்படியே குப்பையில் எறியாமல், அட்டையைச் சிதைத்து எறிவதும் நம் கடமை.

உடனிருப்பவரின் பெயரால்

நோயாளிக்குத் துணையாக வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாவையும் அத்தையையும் எண்ணிப் பார்ப்போம். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் என்று சொல்லி நட்புக் கொள்பவர், தேநீர் வாங்கித் தருபவர், "பையை நான் பார்த்துக்கிறேன், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்பவர் எல்லாரும் நல்லவர்களாக இருக்கலாம். ஒருவர் அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் நகையைக் கழற்றச் சொல்வது முறைதான். அந்த நகையை வாங்கி வைத்துக்கொள்ள முன்வரும் புதியவரே ஐயத்துக்குரியவர். நகை நம் வீட்டார் கைக்கே செல்ல வேண்டும். அதுபோலவே, பச்சிளங்குழந்தையைச் சோதனைக்கு என்று கேட்பவர் யாராயினும், அடையாள அட்டையைப் பார்த்து, வீட்டார் ஒருவரும் உடன் செல்ல வேண்டும்.

உடலையே விலைபேசும் தரகு

ஐந்தாமவரின் கொடுமை உச்சத்தை அடைவது சிறுநீரக வணிகத்தில். 1980-களில் சென்னையில் இவ்வணிகம் தழைத்து, வில்லிவாக்கத்துக்குத் தீராத இழிபெயரைத் தேடித் தந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் அதற்குத் தரகு செய்வதும் குற்றமாயின. இன்று அக்குற்றத்துக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் வந்தபின்னும் தரகு ஒழியவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் ஆய்வாளர்கள் சந்தித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். ஆய்வின்போதோ நூற்றுக்கு 74 பேர் இன்னும் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தரகர்கள் பேசிய தொகையையும் முழுமையாகக் கொடுக்கவில்லை. உடலின் ஒரு பகுதியை இழந்தும் கடன் தீராத இந்தக் கணக்கை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களை வளைத்த தரகு வெளிப்பட்டு, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் நிலை ஏற்பட்டது. பள்ளிபாளையமும் நம் ஊரைப் போல உழைத்து உண்பவர்கள் வாழும் ஊர்தான். கடன் இருக்கும் இடத்தைத் தரகர் தேடி வருவார்.

நேர்வழியும் நம் நாட்டில் உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை வளர்ந்தது. காத்திருப்போர் பட்டியலின்படி உறுப்புகளை வழங்கும் பொறுப்பை அரசின் ஆணையம் ஏற்றிருக்கிறது. "பட்டியலில் முன்னால் ஏற்றிவிடுகிறேன்" என்று பணம் கேட்பவர் பொய்யர்.

நாம் செய்யத்தக்கவை

1. விசாரணை முகப்பில் இருப்பவரிடமே வழி கேட்போம். தானே தேடி வருபவரிடம் அன்று.
2. பணம் கட்டுவது முகப்பில் மட்டுமே. ரசீது இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் வேண்டாம்.
3. அடையாள அட்டையைப் பார்த்து, பெயரை உரக்க வாசிப்போம். நேர்மையானவர் சினம் கொள்ளமாட்டார்.
4. வீட்டிலுள்ள காப்பீட்டு அட்டை, ஈ.எஸ்.ஐ. எண், மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே உறையில் இன்றே எடுத்து வைப்போம்.
5. ஐயம் தோன்றினால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணைக் கேட்போம். கையூட்டுக் கேட்டால் ஊழல் தடுப்புத் துறைக்குத் தெரிவிப்போம். வற்புறுத்தலால் கொடுத்துவிட்டவரும் 7 நாளுக்குள் முறையிட்டால் குற்றவாளி ஆகார் என்று 2018-இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது.

இறுதியாக ஒன்று. இவற்றையெல்லாம் கற்றபின், அழையாமல் வரும் எவரையும் நம்பலாகாது என்று நெஞ்சை இறுக்கிக்கொள்ள வேண்டுமா? லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியரும் அழையாமல் வந்தவரே. அவர் காயப்பட்டவரின் மடியைத் தேடவில்லை. தம் எண்ணெயையும் இரசத்தையும் ஊற்றினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், விடுதிக்காரரிடம் தம் பணத்தைக் கொடுத்து, மிகுதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். தன் கைப்பொருளைச் செலவிடுபவர் சமாரியர். நம் கைப்பொருளை நோக்குபவர் தரகர். இவ்விருவரையும் வேறுபடுத்திக் காண இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

நமது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் நடுவே விபத்து நேரும் நாள்கள் உண்டு. விபத்தில் உதவுபவரை வழக்கில் இழுக்கவோ, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவோ கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காப்பளிக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் பீகாரியாயினும் ஒடிசாக்காரராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்த வெளிமாநிலத் தொழிலாளிக்கு மொழி தெரியாது, உறவும் அருகில் இல்லை. அவரிடம் ஐந்தாமவர் போய்ச் சேருமுன் நம் வீட்டார் ஒருவர் போய்ச் சேர்ந்து, 108-ஐ அழைத்து, "இதற்குப் பணம் வேண்டாம்" என்று சொல்வாராயின், நாம் கற்ற பாடம் பலன் தந்ததாகும்.