கணினி முதல் கைப்பேசி வரை

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறுகளோ கனிமச் சுரங்கங்களோ இல்லை. மக்களின் அறிவும் உழைப்புமே நம் மூலதனம். ஆகவேதான், பலர் கணினியைப் பார்த்தேயிராத காலத்தில், 1981ஆம் ஆண்டிலேயே தேசியக் கணினி வாரியம் அமைக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்குவதும் கணினி வல்லுநர்களை உருவாக்குவதும் அதன் முக்கியப் பணிகளாக இருந்தன.

இத்தகைய முயற்சிகளின் பயனை வணிகத்துறையில் காணலாம். முன்பு, சரக்குகளை ஏற்றுமதி, இறக்குமதி செய்ய வணிகர்கள் பல படிவங்களை நிரப்பி, வெவ்வேறு அலுவலகங்களுக்கு எடுத்துச் சென்றனர். அனுமதி கிடைக்கச் சில நாட்கள்கூட ஆகும். 1989இல் 'டிரேட்நெட்' கட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன்பின், ஒரே மின்படிவத்தை அனுப்பினால், சில நிமிடங்களில் அனுமதி கிடைத்தது. கணினிகளை வாங்கியதால் மட்டும் இம்மாற்றம் ஏற்படவில்லை. பல அலுவலகங்கள் ஒன்றுகூடித் தங்கள் வேலைமுறையையே மாற்றிக்கொண்டன.

2014இல் 'அறிவார்ந்த தேசம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று கட்டணம் செலுத்துவது, மருத்துவரைக் காண முன்பதிவு செய்வது எனப் பல வேலைகள் கைப்பேசியிலேயே முடிகின்றன. ஆனால், கைப்பேசியைப் பயன்படுத்தத் தயங்கும் மூத்தோர் என்ன செய்வர்? அவர்களுக்கு உதவவே 2020இல் மின்னிலக்கத் தூதர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் சமூக மன்றங்களுக்கும் சென்று, கடைக்காரர்களுக்கும் மூத்தோருக்கும் பொறுமையுடன் கற்றுக்கொடுத்தனர்.

உங்கள் பாட்டி கைப்பேசியை நீட்டி உதவி கேட்டால், அந்த வேலையை நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அவரையே செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் தாமாகவே செய்வார். அப்போதுதான் மின்னிலக்கப் பொருளியலின் பயன் எல்லாருக்கும் கிட்டும்.