முதலில் கால் நீளட்டும்

அன்புள்ள இளம் பிசியோதெரபிஸ்டுக்கு,

முட்டி மாற்று அறுவை முடிந்த அன்றே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவிவரும் காலத்தில் நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், கட்டாயம் உள்நோயாளியாகவே செய்ய வேண்டிய அறுவைகளின் பட்டியலிலிருந்து இதை 2018-இல் எடுத்துவிட்டது. நம் ஊரிலும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சிட்னியில் நடந்து, 2017-இல் ஜாமா இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, சிக்கலின்றி அறுவை முடிந்தவர்களில் மறுவாழ்வுப் பிரிவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்டது. இருபத்தாறு வாரம் கழித்து ஆறு நிமிட நடையில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆகவே வீடு போதும். வீட்டில் முதல் சில வாரம் நாம் எதைத் துரத்துகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

நீங்கள் வாசற்படி ஏறியதுமே வீட்டார் கேட்கும் கேள்வி, “இன்னைக்கு எவ்வளவு மடங்குது?” என்பதுதான். பக்கத்துத் தெருவில் யாருக்கோ பத்தாம் நாளே 110 டிகிரி வந்ததாம் என்று ஒப்பீடும் தொடங்கிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் நீங்களும் ஓடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். முதல் வாரங்களில் வீக்கத்தை வடிய வைப்பது, தொடைத் தசையை எழுப்புவது, முட்டியை முழுதாக நீட்ட வைப்பது ஆகிய மூன்றும்தான் தலையாய வேலை. மடக்குவது அவற்றுக்கு அடுத்தபடி. இது என் விருப்பம் சார்ந்த வரிசை அல்ல. அறுவை முடிந்து ஒரு மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை இழந்துவிடுகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. தசை மெலிந்தது அதில் சிறு பங்குதான். பெரும்பங்கு, நரம்பு அந்தத் தசையைச் சரிவர இயக்காததால் வந்தது. வீங்கிய மூட்டு தொடைத் தசையை அடக்கி வைக்கிறது. நல்ல முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரைச் செலுத்தினாலே உட்பக்கத் தொடைத் தசை சோர்ந்துவிடுவதை 1984-இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, நேற்று அறுத்துத் தைத்த முட்டியை வலிக்க வலிக்க மடக்கி இன்னும் வீங்க வைத்தால், எழுப்ப வேண்டிய தசையை நாமே தூங்கவைக்கிறோம்.

நீட்டல் அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். முழுதாக நீண்ட காலில் நிற்கும்போது உடல் எடை முட்டிக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை. பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே நின்றுவிட்ட காலில், சமையல் மேடை முன்னால் நிற்கிற நேரம் முழுக்க அந்தத் தசை இறுகிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கால் குட்டையானதுபோல் நடை சாயும், இடுப்பு வலிக்கும். மடக்கல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவரும். நீட்டலில் விட்ட இடத்தைப் பின்னால் பிடிப்பது கடினம். முட்டிக்கு அடியில் வைக்கும் தலையணையும் கயிற்றுக்கட்டிலின் தொய்வும் இந்தக் கெடுதலைச் சத்தமில்லாமல் செய்துவிடும். பாசமுள்ள வீட்டில்தான் அந்தத் தலையணை இருக்கும், ஏனென்றால் அது வலிக்கு இதமாக இருக்கிறது. கடிந்துகொள்ளாமல் காரணம் சொல்லி எடுங்கள். சமமான கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டிக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் கால் இன்னும் நீளவில்லை. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து நொடி பிடிக்கச் சொல்லுங்கள். முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் தசை விழித்துக்கொண்டது.

மறுப்புகள் வரும். தரையில் சம்மணமிட்டு உட்காரும் ஊரில் மடங்காத முட்டி எதற்கு என்பார்கள். நியாயமான ஏக்கம்தான். ஆனால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் மாற்று மூட்டோடு குந்தி உட்காருவதையே வேண்டாம் என்கிறார்கள். நடக்கச் சுமார் 67 டிகிரியும், படி ஏற 83-உம், நாற்காலியிலிருந்து எழ 93-உம் போதும். மேற்கத்தியக் கழிப்பறையோ கமோடு நாற்காலியோ ஏற்பாடாகிவிட்டால் முதல் மாதத்துக்கு அதற்கு மேல் அவசரம் இல்லை. மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடுமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மை, இறுகிப்போகும் முட்டிகள் இருக்கின்றன. சிலருக்கு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலையும் வருகிறது. அதனால்தான் தினமும் மடக்கச் சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளி தன் காலாலேயே, மறுநாள் வீக்கம் கூடாத அளவுக்கு மடக்கட்டும். இன்னொருவர் பிடித்து நெரிப்பது வேறு காரியம். இயந்திரத்தில் காலைக் கட்டி நாள்தோறும் மடக்கிய முறையையே கோக்ரேன் தொகுப்பாய்வு சலித்துப் பார்த்து, மடக்கும் அளவில் பெரிய பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆறு வாரம் நெருங்கியும் 90 டிகிரி எட்டாதவரை மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அன்றே வீடு திரும்பியவரின் காலைத் தினமும் பார்க்கும் பயிற்சி பெற்ற கண், பல வீடுகளில் உங்களுடையது மட்டும்தான். நர்ஸ் இல்லை, ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் இல்லை. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ, காயத்தில் நிற்காத கசிவு, காய்ச்சல் என எதைப் பார்த்தாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்த வீட்டிலிருந்தே அறுவை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.