பேக் பட்டனைப் பூட்ட வேண்டாம்

"பேக் பட்டனை அழுத்தாதீர்கள், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்" என்ற எச்சரிக்கை பணம் செலுத்தும் பக்கங்களில் இன்றும் கண்ணில் படுகிறது. சர்வர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டும் வாசகம் அது. ஜாவாஸ்கிரிப்டால் பட்டனை முடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. போனில் திரையோரத்திலிருந்து விரலை இழுத்தாலே பின்னால் போய்விடலாம் என்னும்போது அந்த முயற்சி வீண். எந்தப் பழைய பக்கம் திரும்பி வந்தாலும் தீங்கு நேராதபடி செயலியை எழுதுவதே வழி.

முதலில் கவனிக்க வேண்டியது படிவம். டிக்கெட் பதிவுப் படிவம் 'போஸ்ட்' முறையில் வந்ததும் சர்வர் அதே பதிலில் "பதிவாகிவிட்டது" என்று காட்டினால், ரிஃப்ரெஷ் செய்பவரிடம் பிரவுசர் படிவத்தை மறுபடி அனுப்பவா என்று கேட்கும். சரி என்றால் இரண்டாவது டிக்கெட். தரவைச் சேமித்தவுடன் 303 என்ற நிலைக்குறியீட்டோடு பதிவு விவரப் பக்கத்தின் முகவரியை அனுப்பினால் போதும். பிரவுசர் அந்தப் பக்கத்தை 'கெட்' முறையில் எடுக்கும். பிறகு எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் விவரம்தான் திரும்ப வரும். இங்கே 307 கூடாது, அது போஸ்ட்டையே மறுபடி அனுப்பவைக்கும்.

ஆனால் 303 பாதி வேலையைத்தான் செய்கிறது. பயனர் பின்னால் போய், நிரப்பிய படிவத்தை மீண்டும் அழுத்தினால் அது புதுக் கோரிக்கை. ஆகவே ஒவ்வொரு பதிவு முயற்சிக்கும் ஒரு டோக்கனை உருவாக்கி, படிவத்தில் மறைபுலமாக வைத்து, டேட்டாபேஸில் டோக்கனைச் சேமிக்கும் பத்திக்கு 'யூனிக்' கட்டுப்பாடு போட வேண்டும். டோக்கன் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டுச் சேர்ப்பது போதாது. இரண்டு கிளிக் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்குமே "இல்லை" என்ற பதில் கிடைத்துவிடும். கட்டுப்பாடு தடுத்த கோரிக்கைக்குப் பிழைச்செய்தி காட்டாமல், முதல் பதிவின் பக்கத்தையே காட்டலாம். படிவம் திறக்கும்போதெல்லாம் டோக்கன் மாறினால் இந்தக் காவல் பயன்படாது. பதிவு முடியும்வரை அது செஷனில் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது லாக்-அவுட். பிரவுசிங் சென்டரில் ஒருவர் வெளியேறியபின் அடுத்தவர் பேக் பட்டனை அழுத்தினால் முன்னவரின் கணக்கு விவரம் தெரியக் கூடாது. இதற்குப் பலர் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் 'நோ-கேஷ்' போடுகிறார்கள். நகலை வைத்துக்கொள்ளலாம், மறுபடி பயன்படுத்தும்முன் சர்வரைக் கேள் என்றுதான் அது சொல்கிறது. பேக் பட்டனை அழுத்தும்போது பிரவுசர் கேட்காமலே பழைய நகலைக் காட்டக்கூடும். தனிப்பட்ட விவரம் உள்ள பக்கங்களுக்கு 'நோ-ஸ்டோர்' வேண்டும்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: பிஎஃப்கேஷ். விட்டுப்போன பக்கத்தை அதன் ஜாவாஸ்கிரிப்ட் நிலையோடு பிரவுசர் நினைவகத்தில் உறையவைக்கும் ஏற்பாடு இது. ஃபயர்ஃபாக்ஸில் 2005இல் வெளியான 1.5 பதிப்பிலேயே வந்துவிட்டது. குரோமில் ஆண்ட்ராய்டுக்கு 2020இலும் கணினிக்கு 2021இலும் வந்தது. சில சூழல்களில் நோ-ஸ்டோர் பக்கத்தையும் குரோம் இப்படி வைத்துக்கொள்கிறது. எனவே 'பேஜ்ஷோ' நிகழ்வைக் கவனித்து, அதன் 'பெர்சிஸ்டட்' மதிப்பு 'ட்ரூ' என்றால் கணக்கு விவரத்தை உடனே மறைத்து, பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். வெளியேறியவர் என்றால் சர்வர் லாகின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். பிஎஃப்கேஷையே தடுக்க 'அன்லோட்' நிகழ்வைச் சேர்ப்பது மோசமான குறுக்குவழி. தளத்தில் பலருக்குப் பின்செல்வது மெதுவாகிவிடும்.

கடைசியாக, பழைய பக்கத்திலிருந்து வரும் திருத்தம் புதிய மாற்றத்தை அழித்துவிடாதிருக்க ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண் வேண்டும். பதிப்பு 7ஐப் பார்த்துத் திருத்தியவரின் மாற்றம், டேட்டாபேஸில் இன்னும் 7 இருந்தால் மட்டும் சேமிக்கப்பட்டு எண் 8 ஆக வேண்டும். மாறியிருந்தால் அவர் தட்டச்சு செய்ததை அழிக்காமல், புதிய பதிப்பையும் அருகில் காட்டலாம். ஏபிஐ என்றால் இதையே ஈ-டேக், இஃப்-மேட்ச் ஹெடர்களால் செய்து, பொருந்தாதபோது 412 அனுப்பலாம்.

முடித்தபின் குரோமின் டெவலப்பர் கருவிகளில் 'அப்ளிகேஷன்' பகுதியைத் திறந்தால், பக்கம் பிஎஃப்கேஷுக்குள் போகிறதா என்று சோதிக்கும் பட்டன் இருக்கும். பிறகு ஒரே பதிவை இரண்டு டேபில் திறந்து, ஒன்றில் சேமித்துவிட்டு மற்றதிலும் சேமித்துப் பார்க்கவும். லாக்-அவுட் செய்து பேக் பட்டனை அழுத்தும் சோதனையை மட்டும் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, உண்மையான போன் என ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.