உருகும் பனியும் கடற்சட்டமும்

நுழையும்முன்

நிலத்திற்கு எல்லை வகுக்க மலையும் ஆறும் துணைசெய்கின்றன. பனி மூடிய கடலுக்கு எதனை எல்லையாகக் கொள்வது? வடதுருவக் கடல் தொடர்பாக நாடுகள் வகுத்துக்கொண்ட விதிகள் சில, பனி என்றும் உறைந்தே கிடக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அப்பனி உருகத் தொடங்கியபின் அவ்விதிகளின் நிலை யாதாகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

புவியின் தென்முனையில் இருப்பது கடல் சூழ்ந்த நிலம். வடமுனையில் இருப்பது நிலம் சூழ்ந்த கடல். துருவங்களின் ஆளுகையை அறிய விரும்புவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. அண்டார்க்டிகாவுக்கு 1959ஆம் ஆண்டில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட தனி உடன்படிக்கை உண்டு. ஆர்க்டிக் பெருங்கடலுக்கு அவ்வாறான தனி உடன்படிக்கை இல்லை. பிற கடல்களுக்குப் பொருந்தும் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையே அதற்கும் பொருந்துகிறது.

அந்தக் கடல்தான் இன்று விரைந்து மாறி வருகிறது. ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைவிடப் பன்மடங்கு வேகத்தில் வெப்பமடைகிறது. செயற்கைக்கோள் வழியாகக் கடற்பனியைத் தொடர்ந்து அளக்கும் பணி 1979 முதல் நடைபெறுகிறது. 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அளவீடு தொடங்கியபின் பதிவான மிகக் குறைந்த பரப்பு அதுவே.

வடமேற்குக் கடல்வழி

அட்லாண்டிக் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு இடையே இணைப்பது வடமேற்குக் கடல்வழி. 1845இல் இதைத் தேடிச் சென்ற ஜான் பிராங்க்ளினின் இரு கப்பல்களும் பனியில் சிக்கின. சென்றவர்களுள் எவரும் மீளவில்லை. இவ்வழியை முதன்முதலாகக் கப்பலில் முழுமையாகக் கடந்த நார்வே நாட்டவரான ருவால் அமுன்சென்னுக்கு 1903 முதல் 1906 வரை மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. எவரும் எளிதில் செல்ல இயலாத வழி யாருக்கு உரியது என்னும் வினாவும் அதனால் நெடுங்காலம் எழாமலே இருந்தது.

1969இல் 'மன்ஹாட்டன்' என்னும் அமெரிக்க எண்ணெய்க் கப்பல் பனியுடைப்புக் கப்பல்களின் துணையோடு இவ்வழியே சென்றது. அவ்வினா அப்போது கூர்மையடைந்தது. இது தன் உள்நாட்டு நீர்ப்பரப்பு. தன் இசைவின்றி எக்கப்பலும் நுழையலாகாது என்பது கனடாவின் நிலை. இரு பெருங்கடல்களை இணைக்கும் பன்னாட்டு நீரிணை இது. எந்நாட்டுக் கப்பலும் கடந்து செல்லலாம் என்பது அமெரிக்காவின் நிலை.

கனடா 1970இல் ஆர்க்டிக் நீர்ப்பரப்பின் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் நோக்கத்திற்கு இசைவாக, 1982ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் 234ஆம் பிரிவு இடம்பெற்றது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருப்பதால் கப்பல்களுக்கு இடர் விளையும் பரப்புகளில், மாசினைத் தடுக்கக் கடலோர நாடு தனி விதிகளை வகுத்துக்கொள்ள அப்பிரிவு இடமளிக்கிறது. ரஷ்யாவும் தன் வடகடல் வழிக்கு இப்பிரிவையே சான்று காட்டுகிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. 'ஆண்டின் பெரும்பகுதி' என்பது எத்தனை மாதங்கள்? பனி ஐந்து மாதமே நிற்கும் காலம் வந்தால் அந்த அதிகாரம் நீடிக்குமா? சட்ட அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. காக்கும் அதிகாரத்திற்குப் பனியே அடிப்படை. பனி குறையும்போதோ கப்பல்கள் பெருகிக் காக்க வேண்டிய தேவை மிகுகிறது. எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திராத முரண் இது. பனி உருகினால் வழி உடனே திறந்துவிடும் என்று கருதுவதும் பிழையே. வடக்கில் இறுகிக் கிடந்த தடித்த பழம்பனி, தளர்ந்தபின் மிதந்துவந்து தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய கால்வாய்களை அடைப்பதும் உண்டு.

யாருடைய வரலாறு?

1985இல் 'போலார் சீ' என்னும் அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல், கனடாவின் இசைவைக் கோராமலே இவ்வழியைக் கடந்தது. அதன்பின், கனடாவின் வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை அளித்தார். நாட்டின் இறையாண்மை நிலம், கடல், பனி ஆகிய மூன்றையும் தழுவியது என்றும், இனுயிட் மக்கள் நிலத்தைப் போலவே பனியையும் பயன்படுத்தி வாழ்ந்து வந்தவர்கள் என்றும் அவர் கூறினார். 1993ஆம் ஆண்டின் நுனவுட் உடன்படிக்கையும், அந்நீர்ப்பரப்பின்மீது கனடாவுக்குள்ள இறையாண்மைக்கு இனுயிட் மக்களின் பயன்பாடு வலுவூட்டுகிறது என்று குறிப்பிடுகிறது. கனடா தன் உரிமைக்குக் காட்டும் சான்று, ஒரு தொல்குடியின் வாழ்க்கையே ஆகும்.

இனுயிட் மக்களுக்கு உறைந்த கடலே பெருவழி. கடல்நாய் வேட்டைக்கும் அடுத்த ஊருக்கும் அதன்மீதே அவர்கள் செல்கின்றனர். பனி பிந்தி உறைந்து முந்தி உடையும் இக்காலத்தில், மூத்தோர் கற்பித்த தடங்களும் நம்பத்தக்கனவாக இல்லை. ஒரு நாட்டின் கடலுரிமைக்குச் சான்றாக நிற்கும் மக்கள், அச்சான்றுக்குக் களமான பனியையே இழந்து வருகின்றனர். 1996இல் எட்டு நாடுகள் அமைத்த ஆர்க்டிக் மன்றத்தில் தொல்குடி அமைப்புகள் ஆறு நிலையான பங்கேற்பாளர்களாக இடம்பெற்றுள்ளன; ஆயினும், நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் அம்மன்றத்திற்கு இல்லை.

மீன் வருமுன்

எந்நாட்டுக்கும் உரிமையற்ற ஆழ்கடற்பரப்பு ஒன்று ஆர்க்டிக்கின் நடுவே உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 28 இலட்சம் சதுர கிலோமீட்டர். பனி விலகினால் மீன்பிடிக் கப்பல்கள் அங்கும் நுழையக்கூடும். இத்தகைய இழப்பு முன்பே ஒருமுறை நேர்ந்துள்ளது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலின் நடுப்பகுதியில், 1980களில் பல நாட்டுக் கப்பல்கள் பொல்லாக் மீனை வரம்பின்றிப் பிடித்தன. சில ஆண்டுகளில் மீன்வளம் சரிந்தது. 1994இல் உடன்படிக்கை உருவானபோது காப்பதற்கு மீன் மிகுதியாக எஞ்சவில்லை.

இம்முறை நாடுகள் முந்திக்கொண்டன. ஆர்க்டிக் கடலோர நாடுகள் ஐந்துடன் ஐஸ்லாந்து, சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை 2018இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வணிக மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே அதனைத் தடுத்து, ஆய்வுக்கு முதலிடம் தந்த உடன்படிக்கை இது. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த இதன் முதற்காலம் பதினாறு ஆண்டுகள். 2037க்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாக இது நீளும். ஆனால், உறுப்பினருள் ஒருவர் மறுத்தாலும் நீட்டிப்பு நின்றுவிடும்.