காட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

1. "வீட்டில் அடுப்பிருக்க, காட்டில் போய் ஏன் கஷ்டப்படுகிறாய்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தயங்காதீர்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க உழைத்தாலும் அந்த வேலை எங்கே போய் முடிந்தது என்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காட்டிலோ சுள்ளி பொறுக்கியதும் தீ மூட்டியதும் தேநீர் வைத்ததும் குடித்ததும் நாமே. சுவீடன் காடுகளுக்கு வார இறுதியில் ஆட்கள் புஷ்கிராஃப்ட் என்னும் காட்டு வாழ்வுக் கலையைப் பழக வருவது இந்த நிறைவுக்காகத்தான்.

2. கடைக்கு ஓடாதீர்கள். சுவீடனின் மூரா ஊரில் செய்யும் மடங்காத கத்தி ஒன்று, பத்து சென்டிமீட்டர் அலகோடு, தீப்பொறி தட்ட ஒரு ஃபெரோ கம்பி, ஒரு பாத்திரம். ஆரம்பத்துக்கு இது தாராளம்.

3. மழை விட்ட மறுநாளே தீ மூட்டப் பழகுங்கள். தரையில் ஒட்டாமல் புதர்மேல் விழுந்து கிடக்கும் காய்ந்த கிளையை எடுத்து, கத்தி முதுகில் தடியால் தட்டிப் பிளந்தால் உள்மரம் உலர்ந்திருக்கும். அதில் விரல் கனத்துக்கு ஒரு குச்சி எடுத்து, நுனியைக் கட்டையில் ஊன்றி, முழங்கையை மடக்காமல் உடம்பைச் சாய்த்து, தீ பற்றவைக்கச் சீவுங்கள். சீவல் அறுந்து விழாமல் அடியில் ஒட்டியபடியே சுருள வேண்டும். முதலில் எல்லாம் அறுந்துதான் விழும். கோணத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். சுருள் மேல் சுருளாக, மல்லிகைச் சரம்போல் அடுக்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் கண்ணும் மனமும் கத்தி விளிம்பை விட்டு நகராது. போன் ஞாபகமே வராது. எனக்கு இந்தக் கலையில் இதைவிடப் பெரிய இன்பம் கிடையாது.

4. மரங்களைப் பெயர் சொல்லிப் பழகுங்கள். கனடாவில் பல தலைமுறைக்கு இந்தக் கலையைக் கற்பித்த மோர்ஸ் கோசான்ஸ்கி (1940–2019) தம் நூலில் நெருப்புக்கும் கத்திக்கும் அத்தியாயம் தந்ததோடு நிற்கவில்லை; பிர்ச் மரத்துக்கும் வில்லோ மரத்துக்கும் தனித்தனியே எழுதினார். உதிர்ந்த பிர்ச் பட்டை எண்ணெய்ப் பசையால் ஈரத்திலும் பற்றும். இதைத் தெரிந்துகொண்ட பின் அதே காடு வேறு காடாகத் தெரியும்.

5. அடுத்தவர் நிலத்திலும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம் என்பது சுவீடனில் பழைய உரிமை. 1994இல் அரசியல் சட்டத்திலேயே ஏறியது. அதற்காகப் பச்சை மரத்தில் கிளை ஒடிக்காதீர்கள், பட்டை உரிக்காதீர்கள். பாறைமேல் தீ வேண்டாம். சூட்டில் வெடித்த வடு என்றைக்கும் ஆறாது. பாசி படர்ந்த மண்ணிலும் வேண்டாம். மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 2018 கோடையில் பற்றியெரிந்த காடுகளை அந்நாட்டார் மறக்கவில்லை.

6. இது உயிர் பிழைக்கும் பந்தயம் அல்ல. தீ பற்றாவிட்டால் பிளாஸ்க்கில் இருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

7. தீத் தடை போட்டிருக்கும் கோடை நாட்களில் கரண்டி செதுக்குங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு துண்டு பச்சை பிர்ச் வாங்கிக்கொள்ளுங்கள்; கத்திக்கு மெத்தென்று இடம் கொடுக்கும். பாதியில் நிறுத்தினால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள், சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும்.