தீக்காயம்: முதல் 20 நிமிடங்கள்

சோறு வடிக்கையில் கஞ்சி கொட்டிய கையோடு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். காயத்தின் மேல் பற்பசை காய்ந்து ஒட்டியிருந்தது. "பாட்டி போட்டுவிட்டாங்க, டீச்சர்" என்றாள். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் அதிகம் அழுதாள். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் மாணவர்கள் சொல்லித்தரலாம்.

கற்பிக்க வேண்டியவை:

1. காயத்தின் மேல் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடுக. அடுப்பை விட்டு விலகிய பின்னும் தோலில் தங்கிய சூடு உள்ளே சுட்டுக்கொண்டிருக்கும்; நீர் அதைத் தணிக்கும். குழாய் இல்லையெனில் குவளையால் மொண்டு ஊற்றலாம்.

2. வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கைக்கயிற்றைக் கழற்றுக. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது.

3. பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு, வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

4. ஆறிய பின் சுத்தமான துணியால் தளர்வாக மூடுக.

5. காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலோ, மின்சாரம், அமிலத்தால் நேர்ந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மின்விபத்தில் முதலில் மின்சாரத்தை நிறுத்துக. அதன் பிறகே தொடுக.

செயல்பாடு: ஒரு மாணவர் கையை நீட்ட, மற்றவர் நீர் ஊற்றுவதுபோல் நடிக்கட்டும். வகுப்பு கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஐந்தாம் நிமிடத்திலேயே "போதும்" என்பார்கள். வீட்டிலும் அங்கேதான் நிறுத்திவிடுகிறோம் என்பதை அப்போது விளக்குக.

வீட்டுப்பாடம்: இதை வீட்டில் சமைப்பவர் ஒருவருக்குச் செய்துகாட்டி வருக.